இரண்டாம் முறை ஊற்ற முடியாத தண்ணீர்

தம்பி,

டிக்கெட் போட்டாயிற்று என்று நீ சொன்ன நாளிலிருந்து உனக்கு எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனைப் போட்டால் நீயும் வித்யாவும் இனியாவும் ஒரே சதுரத்துக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பம்பு செட் ரிப்பேருக்குப் பில் எழுதியதைத் தவிர நான் தாளில் அதிகம் எழுதியவன் இல்லை. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற மே மாதம் நம் ஊர்க் கோயிலில் இனியாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்க எல்லா ஏற்பாடும் நடக்கிறது. ஆனால் உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஏற்கெனவே ஆகிவிட்டது. கொடுத்தவன் நான். உங்கள் சிங்கப்பூர் வீட்டுச் சமையலறையில், நீங்கள் இருவரும் இல்லாத நேரம் பார்த்து, உங்களைக் கேட்காமல், குழாய்த் தண்ணீரில் கொடுத்தேன். ஒருமுறை கொடுத்ததை மறுமுறை கொடுக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். ஞானோபதேச வகுப்பில் காதில் திருகு வாங்கிப் படித்தவன்தானே நீ.

இங்கே நடக்கிறதைச் சொல்கிறேன், அப்போதுதான் என் நிலைமை உனக்குப் புரியும். பங்குச் சாமியார் உன்னைவிட வயதில் சின்னவர். பெற்றோருக்கு வகுப்பு எடுக்காமல் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். நீங்கள் அங்கே இருப்பதால் போனிலேயே வகுப்பு நடக்கிறது. நீ பாதி வகுப்பில் கொட்டாவி விடுகிறாயாம். வித்யாதான் கேள்வி கேட்டுத் துளைக்கிறாளாம். எண்ணெய் எதற்கு, வெள்ளைத் துணி எதற்கு, மெழுகுதிரியை யார் பிடிக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் கேட்கிறாளாம். “உங்க மருமக மாதிரி நாலு பேரு கேட்டா நான் திரும்பக் குருமடத்துக்குப் போய்ப் படிச்சிட்டு வரணும்” என்று அவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். போன வாரம் வித்யா எனக்குத் தனியாகப் போன் செய்தாள். “மாமா, தண்ணி ஊத்துறப்ப பாப்பாவ நான்தான் பிடிச்சுக்குவேன். ஞானத்தாய்தான் பிடிக்கணும்னு யாரும் சொல்லிடக் கூடாது. ஃபாதர்ட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க” என்றாள். ஞானஸ்நானப் பெயராக உன் அம்மா பெயரையே, லூர்து என்றே வைத்துவிடலாம் என்றும் சொன்னாள். மன்னார்குடியிலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் வருகிறார்களாம். வேறு மதத்துப் பையன் என்று மகள் கல்யாணத்துக்கு வராத மனிதர், பேத்திக்காகக் கோயிலில் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார். நான் “சரிம்மா, சரிம்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதற்காக இந்த முடிவுக்கு வந்தாள் என்று அவளிடமே ஒருநாள் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். “அத்தை இருந்தவரைக்கும் கேட்டுக் கேட்டுச் சண்டை போட்டாங்க மாமா. கேக்கக் கேக்க எனக்கு வீம்பு வந்துச்சு. நீங்க ஒரு நாளும் கேக்கல. கேக்காத மனுசருக்கு நானாக் குடுக்கணும்னு தோணுச்சு” என்றாள். தம்பி, இந்த வயதுவரை எத்தனையோ பேரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். பம்பு எரிந்துபோன ஆத்திரத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு வந்ததுகூட உண்டு. எதுவும் அந்தப் பெண் பாராட்டிய அளவுக்கு என்னைச் சுட்டதில்லை.

உன் கல்யாணத்தை நினைத்துப் பார். மன்னார்குடியில் பதிவு அலுவலகத்து வாசலில் நாம் நின்றுகொண்டிருந்தோம். உன் அம்மா அழுது மூக்குச் சிந்தியபடி வித்யாவிடம் நேருக்கு நேராகவே சொன்னாள். “நீ எங்க கோயிலுக்கு வர வேணாம். ஆனா பொறக்குற பிள்ளைக்குத் தண்ணி ஊத்துறதுக்கு மட்டும் சம்மதிச்சிடும்மா.” வித்யா உன்னைப் பார்த்தாள். நீ செருப்பைப் பார்த்தாய். அப்போது நான் பெரிய மனுசத்தனமாகக் குறுக்கே புகுந்து, “இந்தப் பேச்செல்லாம் எதுக்கு? எங்க வீட்டுல உன்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. பிள்ளை வளந்து அதுவா முடிவு பண்ணட்டும்” என்றேன். அந்த இடத்திலேயே அவள் கண் கலங்கியது. அன்றிலிருந்து நான் தங்கமான மாமா, உன் அம்மா வாய்க்கொழுப்பு பிடித்த மாமியார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அது என் பெண்டாட்டியின் செலவில் வந்த பெயர் என்று தெரிந்தும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அம்மா அதற்காக என்னிடம் சண்டை போட்டாள். வித்யா முழுகாமல் இருக்கும் சேதி வந்தபோது அவள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தாள். இனி வீடு திரும்ப மாட்டாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தச் சமயத்திலும் அவளுக்கு அதே பேச்சுதான். “நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். அவ முடியாதுன்னா முடியாதுதான். பெத்தவ அவ. அவ கையால குடுத்தா வாங்கிக்கணும், இல்லன்னா செபம் பண்ணிக்கிட்டு சும்மா இருக்கணும்” என்றாள். வாயை மூடத் தெரியாத அவளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிந்திருந்தது. எனக்கு வாயை மூடத் தெரியும், அவ்வளவுதான். நல்லவன் என்று பேர் வாங்கிய மனிதன் வீட்டில் இருந்தால் அவன்மேல் ஒரு கண் வைத்துக்கொள், தம்பி. அவனை யாரும் காவல் காப்பதில்லை. நீயும் இப்போது உன் மாமனார் வீட்டில் நல்ல மாப்பிள்ளை என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கு முன்னால் ஒன்று பிறந்து தவறியது என்று மட்டும் உனக்குத் தெரியும். அது பெண் குழந்தை. ஐப்பசி அடைமழையில், மாதம் நிறையாமல், இதே வீட்டில் பிறந்தது. கைக்குள் அடங்குகிற உடம்பு. மூச்சு விட்டு விட்டு வந்தது. பிரசவம் பார்த்த அம்மாள், “ஆண்டவர்ட்டதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் அம்மாவுக்கு எழ முடியவில்லை. படுத்த மேனிக்கே என்னைப் பார்த்து, “சொம்புல தண்ணி இருக்கு, நீங்களே ஊத்துங்க, அமலான்னு பேரு சொல்லி ஊத்துங்க” என்றாள். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது நம்மில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சரியாகச் சொன்னதற்காக நான் கோயிலில் பரிசாகப் படம் வாங்கியவன். அப்படியிருந்தும் எனக்குக் கை வரவில்லை. நானாவது ஊற்றுவதாவது, எண்ணெயும் கிரீசும் பிடித்த கை இது, சாமியார் வரட்டும், முறையாகச் செய்வோம் என்று சைக்கிளை எடுத்தேன். வாய்க்கால் உடைந்து ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்ச் சாமியாரை அழைத்து வந்தேன். வந்தபோது பிள்ளை குளிர்ந்து போயிருந்தது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால், அந்தக் காலத்து வழக்கப்படி மணி அடிக்கவில்லை, பூசை இல்லை. கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாக ஓர் இடம் காட்டினார்கள். நானே குழி வெட்டினேன். இப்போது இருக்கிற சாமியாரிடம் கேட்டால், அதெல்லாம் கடவுளுடைய இரக்கத்தில் இருக்கிறது, அந்தப் பிள்ளையைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்கிறார். நம்புகிறேன். ஆனால் உன் அம்மா கேட்ட ஒன்றை நான் செய்யவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது. அவள் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறவள், அந்த ஒன்றுக்கு மட்டும் சண்டை போடவே இல்லை. போட்டிருந்தால் நான் கொஞ்சம் தேறியிருப்பேன்.

பிறகு நீ பிறந்தாய், படித்தாய். ஊரில் பாதிப் பையன்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனபோது நீயும் போனாய். நடவுக்கு ஆள் கிடைக்காமல் மெஷின் வந்த காலத்தில், பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்பது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா போன பிறகு, தனியாகக் கிடக்காதீங்கப்பா என்று நீ என்னை அழைத்துக்கொண்டாய். அங்கே எனக்கு வேலை ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் மாடியில் நின்று கீழே போகிற வண்டிகளைப் பார்ப்பேன். பிள்ளை பகல் காப்பகத்திலிருந்து வந்த பிறகுதான் எனக்கு விடியும்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று காப்பகத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வந்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, ரெண்டு நாளில் இறங்கிவிடும் என்று அவர் மருந்து கொடுத்திருந்தார். உனக்கு ஆபீஸ். வித்யாவுக்கும் தட்ட முடியாத ஒரு மீட்டிங். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, “மாமா இருக்கீங்க, எனக்கென்ன கவலை” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஈரத்துணியால் பிள்ளையைத் துடைத்துவிட்டேன். மருந்தும் வேலை செய்தது. மத்தியானத்துக்குள் உடம்பு சில்லென்று ஆகி, என் மூக்கைப் பிடித்து இழுத்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். இதை நீ கவனிக்க வேண்டும். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் நான் அதைச் செய்தேன். பிள்ளைக்கு ஆபத்து என்று நினைத்துச் செய்தேன் என்று உன்னிடம் சொல்லத்தான் முதலில் நினைத்திருந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் இந்தத் தாளில் உண்மையை எழுத முடிந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தலை என் இடது முழங்கையில் இருந்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தேன். இந்த முறை கை வந்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று சொல்லி மூன்று முறை நெற்றியில் ஊற்றினேன். ஊற்றும்போது அமலா என்று பேர் சொன்னேன். உன் பிள்ளையின் பேர் என் வாயில் வரவே இல்லை. ஊற்ற வேண்டிய பிள்ளைக்கு ஊற்றாமல், ஊற்றக் கூடாத பிள்ளைக்கு ஊற்றினேன். அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீ என்னை வெறுத்துவிடுவாய். ஆனாலும் சொல்கிறேன், அழுகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் வித்யா ஓடி வந்தாள். பையைக்கூட இறக்காமல் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தாள். “தலை ஈரமா இருக்கே மாமா?” என்றாள். “காய்ச்சலுக்குத் துடைச்சு விட்டேம்மா” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்” என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நம்புகிறவளிடம் மறைத்துவிடலாம், தம்பி. அன்று ராத்திரி அவள் எனக்குப் பிடிக்கும் என்று வெண்டைக்காய்க் குழம்பு வைத்தாள். நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு நான் ஊருக்குத் திரும்பி வந்தேன்; இப்போது ஞானஸ்நானத்துக்குத் தேதி வைத்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் சாமியாரிடம் போனேன். நேராகச் சொல்ல வெட்கம். “சாமி, ஒருத்தர் பேரப்பிள்ளைக்கு வீட்டுலயே தண்ணி ஊத்திட்டாராம்” என்று ஆரம்பித்தேன். “அந்த ஒருத்தரு பம்பு செட் மெக்கானிக்கா?” என்று கேட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. தண்ணீரும் வார்த்தையும் சரியாக இருந்தால் ஞானஸ்நானம் செல்லும், மறுபடி ஊற்ற முடியாது என்றார். எண்ணெய் பூசலாம், வெள்ளைத் துணி போர்த்தலாம், மெழுகுதிரி கொடுக்கலாம், பெயரும் அவர்கள் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம், தண்ணீர் மட்டும் கிடையாது என்றார். “அவ அதத்தான் சாமி கேக்குறா. ஊத்துறப்ப நான் பிடிச்சுக்குவேன்னு சொல்றா. யாருக்கும் தெரியாம இன்னொரு தடவ ஊத்திட்டா என்ன?” என்று கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. “பொய்யா ஒரு ஞானஸ்நானம் என்னால குடுக்க முடியாதுங்க. இன்னொன்னு சொல்றேன். எங்கிட்ட சொல்லிட்டதால இது தீந்துடாது. பெத்தவங்க சம்மதம் இல்லாம, ஆபத்தும் இல்லாம நீங்க செஞ்சிருக்கீங்க. இது அந்தப் பொண்ணுக்குச் செஞ்ச தப்பு. அவகிட்டதான் நீங்க சொல்லணும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதுப் பிள்ளை எனக்குப் புத்தி சொல்வதா என்று வேகமாக வீட்டுக்கு வந்து, இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன்.

இதுவரை எழுதியது நேற்று. இதற்குக் கீழே, “தம்பி, நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லி வித்யாவைச் சமாதானப்படுத்து” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். காலையில் அதை வாசித்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்ய மறுபடியும் இன்னொரு ஆளைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மழையிலும் அதைத்தான் செய்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, நீ ஆபீசுக்குப் போயிருப்பாய் என்று தெரிந்த நேரத்தில் வித்யாவுக்குப் போன் செய்தேன். பேசி முடித்துவிட்டுத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் உன்னிடம் சொல்லியிருப்பாளா, சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பாளா தெரியாது. எப்படியிருந்தாலும் நீ எனக்காகப் பரிந்து பேசாதே. அப்பா வயதானவர், பழைய ஆள், ஆசையில் செய்துவிட்டார் என்றெல்லாம் சொல்லாதே. அப்படிச் சொன்னால் அவளுடைய கோபத்தையும் நாம் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். ஊருக்கு வருவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். அவள் அப்பா அம்மாவிடம் என்ன சொல்வது என்பதையும் அவளே தீர்மானிக்கட்டும். வர வேண்டாம் என்று முடிவு செய்தால், நீயும் என்னைப் பார்க்க என்று தனியாகக் கிளம்பி வராதே. கோயிலில் குறித்த தேதி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி நானாக யாரிடமும் எதுவும் பேச மாட்டேன். உன் பிள்ளைக்கு எதைக் கொடுக்க ஆசைப்பட்டாலும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அவளைக் கேட்டுவிட்டுக் கொடு. அப்பன் என்ற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்தி இவ்வளவுதான்.

போனில் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். உனக்கு எழுதியதை எல்லாம், காய்ச்சல் இறங்கியிருந்ததையும் சேர்த்து, அவளிடம் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்து, “அம்மா, இருக்கியா?” என்று கேட்டேன். “இருக்கேன்” என்றாள். “என்ன பேரு வச்சீங்க?” என்றாள். சொன்னேன். “யாரு அமலா?” என்றாள். அதையும் சொன்னேன். குழி வெட்டியதுவரை சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அது எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கிற உரிமையும் இல்லை. மன்னிச்சுக்கம்மா என்று சொன்னேன். பிறகு, “தண்ணி ஊத்துனப்ப பாப்பா அழுதாளா மாமா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. மொதத் தடவ ஊத்துனதும் கண்ணைச் சிமிட்டினா. ரெண்டாந்தடவ சிரிச்சா. மூணாந்தடவ தண்ணியப் பிடிக்கக் கையை நீட்டினா” என்றேன்.

“அத நான் பாத்திருக்கணும் மாமா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அப்பா